பால்வழி வேண்டுமா, பள்ளத்தில் இறங்குங்கள்

இரவு வானத்தைப் படம் பிடிக்க ஆசைப்படுகிற எவரும் முதலில் மயங்குவது அமெரிக்கப் பாலைவனப் பள்ளத்தாக்குகளின் படங்களைப் பார்த்துத்தான். சிவந்த பாறை விளிம்பு, அதற்கு மேலே கொட்டிக் கிடக்கும் பால்வழி. அந்தப் படங்களோடு பாடங்களும் வந்து சேர்கின்றன: உயரமான விளிம்பில் ஏறி நில்லுங்கள், அகலக் கோண லென்ஸை மாட்டுங்கள், 25 நொடி திறந்து வையுங்கள், ஒரே படத்தில் வேலை முடிந்துவிடும். அந்த மண்ணுக்கு, அந்தக் காற்றுக்கு இவை சரியான பாடங்கள். புதுச்சேரியில் வசித்துக்கொண்டு வாய்த்த இரவுகளிலெல்லாம் முக்காலியைத் தூக்கிக்கொண்டு போய்வரும் எனக்கு, நம் ஊர்ச் செம்மண் பள்ளமும் நாம் நிற்கும் அட்சரேகையும் வேறு வழிமுறையைக் கற்றுத் தந்திருக்கின்றன. அதைத்தான் எழுத நினைக்கிறேன்.

முதலில் இடம். புதுச்சேரியிலிருந்து கிழக்குக் கடற்கரைச் சாலையில் வடக்கே போனால், பொம்மையார்பாளையம் பக்கத்தில் சாலைக்கு மேற்கே, முந்திரித் தோப்புகளுக்கும் பனைகளுக்கும் நடுவில் நிலம் திடீரென்று பிளந்து நிற்கும். வருவாய்த் துறைக் கணக்கில் இது விழுப்புரம் மாவட்டம், வானூர் வட்டம். எங்களுக்கெல்லாம் புதுச்சேரியின் கொல்லைப்புறம். இரண்டு மூன்று ஆள் உயரத்துக்குச் செம்மண் சுவர்கள், கீழே மணல் படிந்த ஓடை. கடலூர் மணற்கல் என்று புவியியலாளர்கள் சொல்லும் படிவுதான் இங்கே மேலெழுந்து கிடக்கிறது. கடலூரில் கேப்பர் மலை, திருவக்கரையில் கல்மரங்கள் புதைந்து கிடக்கும் மேடு எல்லாம் இதே குடும்பம். திருவக்கரைக் கல்மரங்களின் வயது ஏறத்தாழ இரண்டு கோடி ஆண்டுகள் என்று கணக்கிட்டிருக்கிறார்கள்.

படிவு பழையது என்றாலும் பள்ளம் அப்படிப் பழையது இல்லை. மேட்டு நிலம் மரங்களை இழந்தபின், வடகிழக்குப் பருவமழை ஒவ்வோர் ஆண்டும் மண்ணை அரித்துக் கடலில் கொண்டுபோய்ச் சேர்த்ததால் வந்த பள்ளம் இது. 1968-ல் ஆரோவில் தொடங்கியபோது இந்தப் பீடபூமி பொட்டல் செம்மண்ணாகக் கிடந்தது. வரப்பு போட்டு, ஓடைகளில் தடுப்பு கட்டி, மரம் நட்டுத்தான் அரிப்பை மட்டுப்படுத்தினார்கள். நாம் அழகு என்று படம் எடுக்கிற இந்தச் சுவர்கள் ஒரு நிலத்தின் காயம். அதனால்தான் சுவரில் கால் வைத்து ஏறுவதையும், படத்துக்குத் தோதாக மண்ணைச் செதுக்குவதையும் என்னால் பொறுத்துக்கொள்ள முடிவதில்லை.

இனி வானம். பால்வழியின் மிகப் பிரகாசமான பகுதி, அதாவது நம் விண்மீன் மண்டலத்தின் மையம், தனுசு ராசியின் தொடக்கத்தில், மூல நட்சத்திரத்தின் அருகே இருக்கிறது. வான நடுக்கோட்டுக்கு 29 டிகிரி தெற்கு. கிராண்ட் கேன்யன் ஏறத்தாழ 36 டிகிரி வடக்கில் இருப்பதால், அங்கே அந்த மையம் உச்சிக்கு வரும்போதும் அடிவானத்திலிருந்து 25 டிகிரி உயரம்தான் எட்டும். புதுச்சேரி 12 டிகிரி வடக்கு. இங்கே 49 டிகிரி வரை ஏறுகிறது. ஏறக்குறைய இருமடங்கு உயரம்! அங்கிருப்பவர்கள் ஏக்கத்தோடு கேள்விப்படுகிற தெற்குச் சிலுவை நமக்குச் சித்திரை மாத முன்னிரவில் தெற்கே 18 டிகிரி உயரத்தில் நிற்கிறது. காவலூர் வானாய்வகத்தை வானியலாளர் வைணு பாப்பு ஜவ்வாது மலையில் அமைத்ததற்கு இந்தத் தெற்கு அட்சரேகையும் ஒரு காரணம். வட வானத்தையும் தென் வானத்தையும் ஒரே இடத்திலிருந்து பார்த்துவிடலாம். இருள் என்கிற சொத்து பாலைவனத்துக்காரர்களிடம் இருக்கிறது. அமெரிக்காவின் யூட்டா மாநிலத்திலுள்ள நேச்சுரல் பிரிட்ஜஸ் 2007-லேயே உலகின் முதல் சர்வதேச இருள்வானப் பூங்காவாக அறிவிக்கப்பட்டது. உயரம் என்கிற சொத்து நம்மிடம் இருக்கிறது. இரண்டையும் போட்டுக் குழப்பிக்கொள்ளாமல் இருப்பதில்தான் எல்லாம் இருக்கிறது.

பாலைவனத்தில் விளிம்பில் நிற்கலாம்; கண்ணுக்கெட்டிய தூரம் விளக்கே இருக்காது. இங்கே விளிம்பில் ஏறினால் தெற்கே புதுச்சேரியின் வெளிச்சக் குடை, கிழக்கே கடற்கரைச் சாலையில் வாகன விளக்குகள், கடலில் படகு விளக்குகள், பக்கத்துத் தோப்பில் யாரோ மாட்டிய வெள்ளை எல்.இ.டி. எல்லாம் நேராக லென்ஸுக்குள் வந்து விழும். பள்ளத்துக்குள் இறங்கிவிட்டால் இவையெல்லாம் சுவருக்குப் பின்னால் மறைந்துவிடுகின்றன. ஐந்து மீட்டர் உயரச் சுவரிலிருந்து பத்து மீட்டர் தள்ளி, கேமராவை இடுப்பளவு உயரத்தில் வைத்தால், அடிவானத்திலிருந்து ஏறத்தாழ 22 டிகிரி வரை சுவர் மறைத்துக்கொள்ளும். மோசமான வெளிச்சமும் கடலோர மூட்டமும் தேங்கி நிற்பது அந்தக் கீழ்ப்பகுதியில்தான். கிராண்ட் கேன்யன் பக்கத்தில் இப்படி ஒரு சுவருக்குக் கீழே நின்றால் பால்வழியின் மையம் விளிம்பை உரசிக்கொண்டு மட்டுமே தெரியும். நமக்கு அது சுவருக்கு மேலே தாராளமாக எழுந்து நிற்கும். சுவர் மறைப்பது நேர் விளக்குகளையும் கீழ்வான வெளுப்பையும் மட்டும்தான், மேல் வானத்தின் மங்கல் அப்படியே இருக்கும் என்பதையும் சொல்லிவிடுகிறேன். ஆனாலும் வித்தியாசம் வெறும் கண்ணுக்கே தெரியும். கீழே இறங்கிப் பதினைந்து இருபது நிமிடம் கைபேசியைத் தொடாமல் இருந்தால், விளிம்பில் நின்றபோது தேடிக் கண்டுபிடிக்க வேண்டியிருந்த பால்வழி தானாகத் தலைக்கு மேல் துலங்கும்.

18 மில்லிமீட்டர் லென்ஸை க்ராப் சென்சார் கேமராவில் (ஒளியைப் பதிவுசெய்யும் சென்சார் முழு அளவைவிடச் சிறியதாக இருக்கும் கேமரா) செங்குத்தாகத் திருப்பினால் 66 டிகிரி உயரம் படத்துக்குள் அடங்கும். மணல் தரையில் தொடங்கி, சுவர் முழுதும் ஏறி, பால்வழியின் மையத்தையும் தாண்டும். கேமராவோடு கூட வரும் சாதாரண லென்ஸே இதற்குப் போதும். இந்தப் பள்ளத்துக்கென்று விலையுயர்ந்த 14 மில்லிமீட்டர் லென்ஸ் வாங்க நினைப்பவர்களிடம், முதலில் இதில் எடுத்துப் பாருங்கள் என்பேன். செங்குத்துப் படம் பாலைவனக் கிடைமட்டக் காட்சிக்கு நேர் எதிர். நம் பள்ளத்துக்கு அகலம் குறைவு, வானத்துக்கு உயரம் அதிகம். படத்தின் சட்டமும் அப்படியே இருக்கட்டும்.

எந்தச் சுவர், எந்த வளைவு என்பதைப் பகலிலேயே முடிவு செய்துகொள்ள வேண்டும். மையம் எழுவது நேர் கிழக்கிலிருந்து தெற்காக 30 டிகிரி விலகி, அதாவது கடலுக்கு மேலே. மேலேற ஏறத் தெற்கு நோக்கி நகர்ந்து, உச்சிக்கு வரும்போது புதுச்சேரி நகரத்துக்கு நேர் மேலே நிற்கும். எனவே பொம்மையார்பாளையத்திலிருந்து எடுப்பவர்களுக்கு நல்ல நேரம், அது 30 முதல் 43 டிகிரி உயரத்தில் தென்கிழக்கில் இருக்கும் ஒன்றரை மணி நேரம்தான். ஓடைகள் கிழக்கே கடலை நோக்கிச் சரிகின்றன. தெற்குச் சுவர் உயரமாகவும் தென்கிழக்கு சற்றுத் திறந்தும் இருக்கும் வளைவைத் தேடுங்கள். கைபேசியில் ஸ்டெல்லேரியம் என்கிற வான வரைபடச் செயலி இருந்தால் தேதியையும் நேரத்தையும் கொடுத்து, நின்ற இடத்திலிருந்தே பார்த்துக்கொள்ளலாம். ஆனால் சென்ற ஆண்டு குறித்து வைத்த வளைவை நம்பி நேராக இரவில் போகாதீர்கள். ஒரு பருவமழை போதும், சுவரின் முகமே மாறியிருக்கும்.

நாள் பார்ப்பதற்கு எனக்கு வீட்டுப் பஞ்சாங்கமே போதுமானதாக இருக்கிறது. மார்கழியில் சூரியனே தனுசில் இருப்பதால் மையம் பகலில் மறைந்து கிடக்கும். மாசி பிறக்கும்போது பின்னிரவு இரண்டே முக்கால் வாக்கில் எழுந்து, விடியலின் வெளுப்பு தொடங்கும் ஐந்தேகால் மணி வாக்கில் 30 டிகிரியை நெருங்கிவிடும். மாதத்துக்கு இரண்டு மணி நேரம் முன்னதாக எழும் என்பதால், பங்குனித் தொடக்கத்தில் நள்ளிரவு தாண்டியும் சித்திரைத் தொடக்கத்தில் இரவு பத்தே முக்கால் வாக்கிலும் எழும். ஆனியில் இரவு முழுதும் வானத்தில் இருக்கும்; ஆனால் அந்த மாதங்களில் மாலை இடிமேகம் எப்போது திரளும் என்று சொல்ல முடியாது. ஐப்பசி, கார்த்திகை பற்றிப் பேசவே வேண்டாம், நம் கரைக்கு மழையும் புயலும் அப்போதுதான். ஆக மாசி, பங்குனி, சித்திரை. அதிலும் அமாவாசையை ஒட்டிய நாள்கள். சந்திரன் மூலத்தில் நிற்கும் நாளை மட்டும் கண்டிப்பாகத் தவிர்த்துவிடுங்கள். பால்வழியின் மையத்திலேயே விளக்கு ஏற்றி வைத்ததுபோல் ஆகிவிடும்.

பின்னிரவை நான் விரும்புவதற்கு இன்னொரு காரணம் காற்று. மாலைக் கடற்காற்று கரைமேல் ஈரத்தையும் உப்பையும் கொண்டுவந்து இறக்கும். மூன்று மணிக்கு மேல் காற்று திரும்பி, நிலத்திலிருந்து கடலுக்கு வீசத் தொடங்கினால் வானம் தெளியும். முன்னிரவில் சாம்பல் பூத்துக் கிடந்த அதே வானம்தானா என்று தோன்றும். தோப்பு விளக்குகளும் சாலை வாகனங்களும் அப்போது குறைந்திருக்கும்.

ஈரம்தான் நம் ஊரின் முதல் எதிரி. ஏ.சி. அறையிலிருந்து கேமராவை எடுத்துக்கொண்டு நேராகப் பள்ளத்தில் இறங்கினால் லென்ஸ் முழுதும் நீராவி படிந்துவிடும். துடைக்கத் துடைக்கப் பூக்கும். எங்கள் வீட்டில் கேமராப் பை முந்தைய நாள் மாலையே ஏ.சி. இல்லாத கூடத்துக்கு வந்துவிடும். பள்ளத்துக்குள் மணலும் சுவரும் பின்னிரவில் குளிர்வதால் பனி இறங்கும். யு.எஸ்.பி. பவர் பேங்கில் ஓடும் லென்ஸ் சூடேற்றும் பட்டை ஒன்றைக் கட்டிவிட்டால் கவலை இல்லை. அது இல்லாதவர்கள் பத்து நிமிடத்துக்கு ஒருமுறை டார்ச்சைப் பக்கவாட்டில் பிடித்து லென்ஸின் முகத்தைப் பார்க்க வேண்டும். வீடு திரும்பியதும் முக்காலியின் திருகுகளையும் கேமராவின் வெளிப்புறத்தையும் லேசான ஈரத்துணியால் துடைத்து உலர்த்துங்கள். உப்புக் காற்று உலோகத்தை விட்டுவைக்காது.

அடுத்தது வெப்பம். பாலைவனம் பகலில் எப்படிக் காய்ந்தாலும் இரவில் குளிர்ந்துவிடும். நம் பங்குனி இரவு 25 டிகிரியை ஒட்டியே நிற்கும். சென்சாரின் வெப்பம் ஆறு முதல் எட்டு டிகிரி ஏறினால், இருளில் தானாகத் தோன்றும் மின்னோட்டம் ஏறத்தாழ இரட்டிப்பாகிறது. நான்கு நிமிடம் திறந்து வைத்தால் நட்சத்திரங்களுக்கு நடுவே சிவப்பும் நீலமுமாகப் பொய்ப் புள்ளிகள் முளைப்பது இதனால்தான். ஆகவே ஒரே நீண்ட படத்தை நான் எடுப்பதில்லை. குறுகிய படங்கள் பல எடுத்து, கணினியில் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி ஒரே படமாக்குகிறேன். லென்ஸின் மில்லிமீட்டரால் 500-ஐ வகுத்தால் நொடிக்கணக்கு வரும் என்பது பழைய விதி. க்ராப் சென்சார் என்றால் மில்லிமீட்டரை முதலில் ஒன்றரையால் பெருக்கிக்கொள்ள வேண்டும்; 18 மில்லிமீட்டருக்கு 18 நொடி வருகிறது. இன்றைய சென்சார்களின் கூர்மைக்கு அது அதிகம். நட்சத்திரங்கள் அரிசிமணியாக நீளும். நான் வைப்பது 10 நொடி, ஐ.எஸ்.ஓ. (ஒளியுணர்திறன்) 3200, லென்ஸ் முழுத் திறப்பு. இப்படிப் பதினாறு படங்களை அடுக்கினால், படத்தில் தெரியும் மணல்மணலான இரைச்சல் நான்கில் ஒரு பங்காகிறது. அதே இடத்தில், அதே வெப்பத்தில், லென்ஸை மூடியால் மூடி அதே 10 நொடியில் இன்னும் சில படங்கள் எடுத்துக்கொண்டால், பொய்ப் புள்ளிகளைக் கழிக்க அவை உதவும். சீக்குவேட்டர், சிரில் இரண்டுமே இலவச மென்பொருள்கள். தரையை அசையாமல் நிறுத்தி வானத்தை மட்டும் ஒழுங்குபடுத்தும் வேலையைச் சீக்குவேட்டர் எளிதாகச் செய்கிறது.

குவியத்தைக் கேமராவே தேடிக்கொள்ள விடாதீர்கள். பின்னிரவில் தலைக்கு மேலே சுவாதி நட்சத்திரம் ஆரஞ்சு நிறத்தில் சுடர்விடும். திரையில் அதைப் பத்து மடங்கு பெரிதாக்கி, குவிய வளையத்தை மயிரிழை மயிரிழையாகத் திருப்புங்கள். ஒளிப்பொட்டு சுருங்கும், ஓரிடத்தில் ஊசிமுனையாகும், பிறகு மறுபடி விரியும். திரும்பி அந்த ஊசிமுனைக்கே வந்து, வளையத்தின்மேல் ஒரு துண்டு டேப்பை ஒட்டிவிடுங்கள். முக்காலியை நகர்த்தினால் மறுபடி பார்க்க வேண்டும். கோப்பு ரா வடிவத்தில், அதாவது கேமரா மெருகேற்றாத மூல வடிவத்தில் இருக்கட்டும். வெள்ளைச் சமநிலையை 3,800 கெல்வினில் நிறுத்தியே எடுக்கிறேன். தானியங்கியில் விட்டால் செம்மண் சேற்று நிறமாகிவிடுகிறது.

அந்தச் செம்மண்ணைக் கொஞ்சம் பேச வேண்டும். டார்ச்சை வைத்துக்கொண்டு சுவரை அருகில் பார்த்தால் அது ஒரே சிவப்பு இல்லை. மேலே ஒரு முழத்துக்குக் கறுத்து இறுகிய ஓடு. அதற்குக் கீழே செங்கல் நிறம். இன்னும் கீழே மஞ்சள் மணல், இடையிடையே சுண்ணாம்பு தடவியதுபோல் வெள்ளைக் களிக்கோடுகள். கூழாங்கற்கள் வரிசையாகப் பதிந்து கிடக்கும். விளிம்பிலிருந்து முந்திரி வேர்கள் அந்தரத்தில் தொங்கும். மழைநீர் இறங்கிய தடங்கள் சுவர் நெடுக மேலிருந்து கீழாக மடிப்பு மடிப்பாக ஓடும். இவ்வளவும் படத்தில் வர வேண்டும் என்றால் டார்ச்சை நேராகச் சுவரில் அடிக்கக் கூடாது. மடிப்பெல்லாம் செத்துவிடும். வெள்ளைத் துண்டு ஒன்றை ஓடை மணலில் விரித்து, சுவருக்குப் பக்கவாட்டில் இருந்துகொண்டு, டார்ச்சை அந்தத் துண்டின்மேல் மூன்று நான்கு நொடி காட்டினால், தெறிக்கும் ஒளி மடிப்புகளை மெல்ல எழுப்பிக் காட்டும். மஞ்சள் ஒளி டார்ச் நல்லது. வெள்ளை எல்.இ.டி. சிவப்பை வெளிறச் செய்கிறது.

சில இரவுகளில் டார்ச்சே வேண்டியதில்லை. வளர்பிறை மூன்றாம் நான்காம் நாள் சந்திரன் முன்னிரவில் மேற்கே தாழ்ந்து நிற்கும்போது, அந்தச் சாய்ந்த ஒளியில் தரையையும் சுவரையும் எடுத்து வைத்துக்கொண்டு, முக்காலியை அசைக்காமல் பின்னிரவு வரை காத்திருந்து வானத்தை எடுக்கலாம். ஒரே இடம், ஒரே இரவு, ஒரே சட்டம் என்பதால் இதை நான் நேர்மையான படம் என்றே கருதுகிறேன்; கேட்பவர்களிடம் இரண்டு நேரத்தில் எடுத்தது என்று சொல்லிவிடுவேன். வேறொரு ஊர் வானத்தை இந்தச் சுவருக்கு மேல் ஒட்டுவதை ஒருபோதும் ஏற்க மாட்டேன்.

பள்ளத்தில் இறங்குவது உயிரோடு விளையாடும் வேலையாகிவிடக் கூடாது. என் தம்பி கூட வராமல் நான் போவதில்லை. மாலையில் இடம் பார்க்கப் போனபோது முந்திரித் தோப்புக் காவலில் இருந்த பெரியவர் ஒருவர் எங்களை நிறுத்தி, "ராத்திரியில் இங்கே என்னம்மா வேலை?" என்று கேட்டார். கேமராவின் திரையில் பழைய படம் ஒன்றைக் காட்டினேன். வெகுநேரம் பார்த்தார். பிறகு எங்களை விளிம்புக்கு அழைத்துப்போய், கையிலிருந்த கம்பால் தரையைத் தட்டிக் காட்டினார். ஓரிடத்தில் சத்தம் கெட்டியாக இருந்தது. இரண்டடி தள்ளித் தட்டியபோது பொக்கென்றது. "மேலே தரை மாதிரித் தெரியும், அடியில் ஒன்றும் இருக்காது. மாடு நின்றே சரிந்திருக்கிறது. மழை முடிந்து மண் நன்றாகக் காய்கிறவரை சுவரை ஒட்டிப் படுக்கவும் வேண்டாம், உட்காரவும் வேண்டாம்" என்றார். அன்றிலிருந்து முக்காலியைச் சுவரின் உயரத்தைப் போல இருமடங்கு தள்ளித்தான் ஊன்றுகிறேன். ஒளிப்படத்துக்கும் அந்தத் தூரமே பொருந்தி வருகிறது. பெரியவரிடம் சொல்லிவிட்டுப் போவதால் தோப்பில் யாரும் எங்களைத் திருடர்கள் என்று நினைப்பதில்லை. இந்த நிலங்களில் சில பட்டா, சில புறம்போக்கு, சில ஆரோவிலைச் சேர்ந்தவை. கேட்டுக்கொண்டு இறங்குவதுதான் முறை.

பாம்பும் உண்டு. கண்ணாடி விரியன் இரவில் நடமாடும் பாம்பு, மணல் தரையில் கண்ணுக்குத் தட்டுப்படாது. கணுக்கால் மூடிய காலணி, நடக்கும்போது மட்டும் பிரகாசமான டார்ச், உட்கார்ந்தபின் சிவப்பு ஒளித் தலைவிளக்கு. பையைத் தரையில் திறந்து போடாமல் முக்காலியின் நடுக்கொக்கியில் மாட்டிவிடுவேன். காற்றில் முக்காலி ஆடாமல் இருக்கவும் அந்த எடை உதவுகிறது. ஏதாவது நேர்ந்துவிட்டால் கடித்த இடத்தைக் கீறுவது, கட்டுவது எல்லாம் வேண்டாம். அசைக்காமல் 108-ஐ அழைத்து மருத்துவமனைக்குப் போய்விட வேண்டும்.

நட்சத்திரத் தடங்கள், அதாவது நட்சத்திரங்கள் நகர்வதைக் கோடுகளாகக் காட்டும் படங்கள், எடுக்க விரும்புபவர்களுக்கும் இதே பள்ளம் ஆகும், ஆனால் வடக்கே திறந்த வளைவு தேவை. துருவ நட்சத்திரம் நமக்கு 12 டிகிரி உயரத்தில்தான் இருக்கிறது. உயரமான சுவர் அதை விழுங்கிவிடும். வடவானம் நகருக்கு எதிர்ப்புறம் என்பதால் முன்னிரவிலேயே வேலையை ஆரம்பிக்கலாம். கிழக்கு நோக்கி வைத்தால் இன்னொரு அழகு கிடைக்கும்: நடுவில் நேர்கோடுகள், இடப்பக்கம் துருவத்தைச் சுற்றி வளையும் கோடுகள், வலப்பக்கம் தென்துருவத்தைச் சுற்றி எதிர்ப்புறமாக வளையும் கோடுகள்.

கணினியில் உட்காரும்போது கை அதிகம் போகாமல் பார்த்துக்கொள்ளுங்கள். கடலோர ஈரம் வானத்தின் அடிப்பகுதியில் எப்போதும் ஒரு மங்கிய மஞ்சள் பூச்சை விட்டுவைக்கும். அதைக் குறைக்கலாம், முழுதாகத் துடைத்தெறிய முயன்றால் வானம் அட்டையில் வெட்டி ஒட்டியதுபோல் நிற்கும். நீலத்தையும் ஊதாவையும் ஏற்றிப் பாலைவன வானமாக்கும் சபலம் எல்லோருக்கும் வரும். கேட்டை நட்சத்திரத்தின் செம்மை, மையத்தைச் சுற்றியுள்ள பழுப்பு, அதைக் குறுக்கே வெட்டிச் செல்லும் கரிய தூசுப் பட்டைகள், கீழே அதே சாயலில் நம் செம்மண். இந்த நிறங்கள் ஒன்றுக்கொன்று ஏற்கெனவே ஒத்துப்போகின்றன. நான் வண்ணச் செறிவைத் தொடுவதே இல்லை, ஒளிமாறுபாட்டை மட்டும் கொஞ்சம் ஏற்றிவிட்டு, சுவரின் நிழல்களைச் சற்றுத் திறந்து விடுகிறேன்.

கடலூர்க்காரர்கள் இதற்காகப் புதுச்சேரியைத் தாண்டி வர வேண்டியதில்லை. கேப்பர் மலைப் பக்கத்துச் செம்மண் சரிவுகளில் இதே முறையைக் கையாளலாம். நகர வெளிச்சம் அங்கே வடகிழக்கில் இருக்கும் என்பதால், தெற்கு நோக்கிய சரிவில் மையம் உச்சிக்கு வரும்வரைகூடக் காத்திருக்கலாம். தென்மேற்கில் நெய்வேலியின் வெளிச்சம் மட்டும் கண்ணில் படும். அதை மறைக்கிற மேடு எது என்று பகலில் ஒருமுறை நடந்து பார்த்து வைத்துக்கொள்ளுங்கள்.